நிழல் விழாத இடத்தில் உட்கார்ந்தவர்

அமெரிக்கப் பாடகி பியான்சேயை யாராவது 'குயின்' என்று எழுதிவிட்டால் போதும், உடனே ஒருவர் வந்து நிற்பார். "ராணிகள் நாட்டை ஆண்டார்கள். இவர் ஆடிப் பாடுகிறார். ரெண்டும் ஒன்றா?" போன வாரம் என் நண்பரே இதைக் கேட்டார். இரண்டு வரியில் பதில் சொல்லிவிட்டு நகரலாம் என்று பார்த்தேன், முடியவில்லை. அதனால்தான் இந்த நீளப் பதிவு. பொறுமை இல்லாதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

முதலில் பண்டைய எகிப்தின் அரசி நெஃபர்டிட்டியை ஓரமாக வைத்துவிடுவோம். 2018 ஏப்ரலில் கோச்செல்லா இசைவிழா மேடைக்கு எகிப்து அரசி கோலத்தில் பியான்சே வந்ததிலிருந்து எல்லோரும் அந்த ஒப்பீட்டையே பிடித்துத் தொங்குகிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, அதோடு சரி. தன் உருவத்தைப் பற்றி நெஃபர்டிட்டி என்ன நினைத்தார் என்று ஒரு வரிகூட நம் கைக்கு வரவில்லை. 1912-ல் எகிப்தின் அமர்னாவில் ஒரு சிற்பியின் பட்டறை இருந்த இடத்தில் தோண்டி எடுத்த சிலையை வைத்துக்கொண்டு எவ்வளவு பேச முடியும்?

பியான்சேயைப் பார்க்கும்போது எனக்கு நினைவுக்கு வருவது இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத். கிரீடத்துக்காக இல்லை. தன் முகம் எங்கே, எப்படி, எந்த வெளிச்சத்தில் வரவேண்டும் என்பதை அடுத்தவர் கையில் விடாத அந்தப் பிடிவாதத்துக்காக.

1563-ல், ராணி பட்டத்துக்கு வந்து ஏறக்குறைய ஐந்து வருடம் ஆன நேரத்தில், ஓர் அரசாணை வரைவு எழுதப்பட்டது. ராணியின் படத்தை ஆளாளுக்கு வரைகிறார்கள், ஒன்றும் சரியில்லை. தேர்ந்த ஓவியர் ஒருவர் ஒழுங்கான படம் ஒன்றை முடிக்கும்வரை மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கவேண்டும், பிறகு அதைப் பார்த்து நகலெடுக்கலாம். இதுதான் அதன் சாரம். பின்னாளில் நடைமுறையும் ஏறக்குறைய அப்படித்தான் அமைந்தது. 'டார்ன்லி ஓவியம்' என்று சொல்லப்படும், 1575 வாக்கில் வரைந்த படத்தில் உள்ள முகம் 1590-கள் வரை வேறு வேறு உடைகளுக்கு மேலே திரும்பத் திரும்ப வந்து உட்கார்ந்தது. உடை மாறும், நகை மாறும், முகத்துக்கு மட்டும் வயதாகாது.

எனக்கு மிகவும் பிடித்த காட்சி ஒன்று உண்டு. நிக்கலஸ் ஹில்லியர்ட் என்ற நுண்ணோவியர் முதல்முறை ராணியை நேரில் பார்த்து வரையப்போகிறார். படத்தில் நிழல் எதற்கு என்று ராணிக்கும் அவருக்கும் பேச்சு நடக்கிறது. பேசி முடித்துவிட்டு ராணி தேர்ந்தெடுத்த இடம், பக்கத்தில் ஒரு மரம்கூட இல்லாத, துளி நிழலும் விழாத தோட்டத்து நடைபாதை. இதை ஹில்லியர்டே பிற்காலத்தில் எழுதிவைத்திருக்கிறார். ரிங் லைட்டை முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டு வீடியோ எடுக்கிற எவருக்கும் ராணியின் நியாயம் சட்டென்று புரியும். நிழல் இருந்தால்தானே கன்னத்தின் பள்ளம் தெரியும், கண்ணுக்குக் கீழே இருக்கிற பை தெரியும். 1562-ல் பெரியம்மை வந்து பிழைத்த முகம் அது.

இப்போது 2013 பிப்ரவரிக்கு வாருங்கள். நியூ ஆர்லியன்ஸில், சூப்பர் பௌல் என்ற அமெரிக்கக் கால்பந்து இறுதியாட்டத்தின் இடைவேளை நிகழ்ச்சி. பியான்சே வெளுத்து வாங்கினார். மறுநாள் ஓர் இணையதளம் போட்ட படத்தொகுப்பில் சில படங்கள் விகாரமாக இருந்தன. முழு வேகத்தில் ஆடுகிறவரின் ஒரு நொடியை உறையவைத்தால் எந்த முகமும் கோணலாகத்தான் இருக்கும். பியான்சே தரப்பிலிருந்து, இவற்றை மாற்றிவிடுங்களேன் என்று ஒரு மின்னஞ்சல் போனது. கேட்டிருக்கவே கூடாது. அவர்கள் அந்த மின்னஞ்சலையே வெளியிட்டு, எந்தெந்தப் படம் வேண்டாம் என்றார்களோ அவற்றையே வரிசையாக அடுக்கிவிட்டார்கள். மீம் உலகத்துக்கு விருந்து. அடுத்த இரண்டு மாதத்தில் தொடங்கிய 'மிஸஸ் கார்ட்டர் ஷோ' உலகச் சுற்றுப்பயணத்தில் பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு அனுமதியே இல்லை. பியான்சே தரப்பு தருகிற படத்தைத்தான் போடவேண்டும்.

எலிசபெத்துக்கு மின்னஞ்சல் அனுப்பவேண்டிய அவசியம் இருக்கவில்லை. கைதேராத ஓவியர்கள் வரைந்த படங்கள் ராணியின் உத்தரவின்பேரில் உடைக்கப்பட்டு நெருப்பில் போடப்பட்டன என்று ராணியின் அரசவையில் இருந்த வால்டர் ராலி எழுதுகிறார். 1596-ல் அரசவை ஆலோசனைக் குழுவும், ராணியின் மனம் நோகும்படியான படங்களைத் தேடிப்பிடிக்கச் சொல்லி ஆணை போட்டது.

"எல்லாம் வெறும் அழகுத் திமிர்" என்பார் நண்பர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மணமாகாத, வாரிசு இல்லாத ஒரு ராணியின் முகத்தில் சுருக்கம் விழுந்தால், அடுத்து யார் என்ற பேச்சு ஊரெல்லாம் கிளம்பும். அந்த முகத்தின் வயது அரசியல் செய்தி. அதை அவர் மறைத்தது கண்ணாடிக்காக மட்டும் என்று நான் நம்பமாட்டேன். இளவரசியாக இருந்தபோது தம்பி எட்வர்டுக்குத் தன் படத்தை அனுப்பிவைத்து எழுதிய கடிதத்தில், இந்த முகத்தைத் தருவதற்கு வெட்கப்படலாம், மனத்தைத் தருவதற்கு ஒருநாளும் வெட்கப்படமாட்டேன் என்கிறார். அந்தப் பெண்ணுக்குத் தன் முகம் ஒரு கருவி என்று அப்போதே தெரிந்திருக்கிறது.

பியான்சே பக்கம் நியாயம் வேறு. கறுப்பர்களை அட்டையில் போட்டால் பத்திரிகை விற்காது என்று தொடக்க காலத்தில் தன்னிடம் சொன்னார்கள் என்று 2018 செப்டம்பர் வோக் ஃபேஷன் இதழில் அவரே சொல்லியிருக்கிறார். அந்த அட்டையை எடுத்தவர் டைலர் மிட்செல், 23 வயது. 1892-ல் தொடங்கிய அமெரிக்க வோக்கின் அட்டைப்படத்தை எடுத்த முதல் கறுப்பினப் புகைப்படக்காரர். நூற்றிச்சொச்சம் வருடம் கேமராவுக்குப் பின்னால் யார் நிற்பது என்று அடுத்தவர்கள் முடிவு செய்தார்கள். அது கைக்கு வந்தபின் பியான்சே ஏன் விட்டுக்கொடுக்கவேண்டும்?

அதே இதழில் இன்னொன்றும் செய்தார். இரட்டைக் குழந்தைகள் பிறந்த அன்று தன் எடை 218 பவுண்டு என்றும், உயிருக்கே ஆபத்தாகி அவசர அறுவை சிகிச்சை நடந்தது என்றும் வாயைத் திறந்து சொன்னார். மறைக்கிறவர் ஏன் இதைச் சொல்கிறார்? 1588-ல் டில்பரியில் படைகளுக்கு முன்னால் நின்ற எலிசபெத்தும், எனக்கு இருப்பது வலுவில்லாத பெண்ணின் உடல்தான், ஆனால் நெஞ்சு அரசனுடையது என்று பேசியதாகத்தான் நமக்கு வந்திருக்கிறது. பலவீனத்தைக் காட்டுவதில் இருவருக்கும் தயக்கமில்லை. அதைக் கண்டுபிடித்துக் காட்டும் வேலையை மட்டும் அடுத்தவருக்குத் தரமாட்டார்கள்.

மேரி மாதா விஷயத்தில்தான் இருவரும் நேர் எதிர்த் திசையில் போகிறார்கள். கிறிஸ்தவ மதச் சீர்திருத்த காலத்தில் தேவாலயங்களிலிருந்து மாதா சிலைகள் இறக்கப்பட்ட நாட்டில், அந்த வெற்றிடத்தில் 'கன்னி அரசி' எலிசபெத் மெதுவாக ஏறி அமர்ந்துகொண்டார். பியான்சே 2017 பிப்ரவரியில் மலர்க் குவியலுக்கு முன்னால், தலையில் முக்காட்டோடு, நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டார். சில நாளில் கிராமி மேடையில் பொன் கதிர்கள் சூழ்ந்த கிரீடம். ஒருவர் மாதாவின் கன்னிமையை எடுத்துக்கொண்டார், மற்றவர் தாய்மையை. இதைப் பற்றித் தனியாகவே ஒரு பதிவு எழுதலாம்.

ரெயின்போ ஓவியம் பார்த்திருக்கிறீர்களா? ஹாட்ஃபீல்ட் மாளிகையில் இருக்கிறது, 1600-ஐ ஒட்டி வரைந்தது. ராணிக்கு அறுபத்தைந்தைத் தாண்டியாயிற்று, படத்தில் இருபதுகளின் முகம். ஒரு கையில் வானவில், அதன் அருகே 'சூரியனின்றி வானவில் இல்லை' என்ற லத்தீன் வாசகம். சூரியன் யார் என்று சொல்லவேண்டுமா! அந்தப் படத்தைத் திரையில் பெரிதாக்கிப் பாருங்கள். செம்மஞ்சள் அங்கி முழுக்கக் கண்களும் காதுகளும் தீட்டியிருக்கும். நான் பார்க்கிறேன், கேட்கிறேன் என்று துணியே சொல்கிறது. பியான்சேயைப் பற்றி யாராவது ஏடாகூடமாக எழுதிவிட்டால் அவர்களுடைய சமூக வலைப்பக்கத்தில் தேனீப் படங்களாக வந்து மொய்க்கும், தங்களை 'பீஹைவ்' (தேன்கூடு) என்று சொல்லிக்கொள்ளும் ரசிகர் கூட்டத்தைப் பார்க்கும்போது எனக்கு அந்த அங்கிதான் ஞாபகம் வரும். அவர் ஒரு வார்த்தை பேசவேண்டியதில்லை.

இந்த ஒப்பீட்டில் எனக்கே உறுத்துகிற இடம் ஒன்று இருக்கிறது. 2013 பயணத்தின் விளம்பரத்தில் பியான்சே கோர்செட்டும் கிரீடமுமாக ஐரோப்பிய அரசி வேடத்தில் வந்தார். ஆனால் 1564-ல் ஜான் ஹாக்கின்ஸ் என்ற ஆங்கிலேயக் கடலோடி ஆப்பிரிக்கர்களைப் பிடித்து விற்கக் கிளம்பியபோது 'ஜீசஸ் ஆஃப் லூபெக்' என்ற தன் கப்பலைக் கொடுத்தனுப்பியவர் இதே எலிசபெத். 1596-ல், விகாரமான படங்களைத் தேடச் சொன்ன அதே ஆலோசனைக் குழு, நாட்டில் கறுப்பர்கள் அதிகமாகிவிட்டார்கள், வெளியே அனுப்பவேண்டும் என்று ராணி பெயரில் கடிதமும் எழுதியது. ஒரே வருடம், ஒரே மேசை. அந்த விளம்பரத்தைப் பார்த்தபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்தபின் அந்தக் கிரீடம் வேறு மாதிரி தெரிகிறது. கேலியா, பழிவாங்கலா, வெறும் அலங்காரமா, என்னால் தீர்மானிக்க முடியவில்லை.

லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில், உள்ளங்கைக்குள் அடங்கும் அளவில், ஐசக் ஆலிவர் 1590 வாக்கில் தொடங்கிய எலிசபெத்தின் படம் ஒன்று இருக்கிறது. முகம் மட்டும் வண்ணத்தில் முடிந்திருக்கிறது, உடை வெறும் கோடுகளாக நிற்கிறது. மூக்கு கூர்ந்து, கன்னம் ஒட்டி, உதடு மெலிந்து, நன்றாகவே வயது தெரிகிற ஒரு பெண். ஓவியர் அதை முடிக்கவே இல்லை. நண்பருக்குப் பதிலாக அந்தப் படத்தைத்தான் அனுப்பினேன். "யார் இது?" என்று கேட்டிருக்கிறார்.