‘அகாபே’ என்றாலே தெய்வீக அன்பா?

‘அகாபே என்பது கடவுளின் அன்பை மட்டும் குறிக்கும் கிரேக்கச் சொல், பிலியோ வெறும் மனித நட்பு’ என்றொரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு.

தன் சகோதரி தாமாரைக் கெடுத்த, தாவீது ராஜாவின் மகன் அம்னோனின் இச்சையைச் சொல்லும் இடத்திலேயே (2 சாமுவேல் 13:15) பழைய ஏற்பாட்டின் பண்டைய கிரேக்க மொழிபெயர்ப்பான செப்துவஜிந்தில் நிற்பது ‘அகாபே’தான்! பவுலை விட்டுப் போன தேமா உலகத்தின்மேல் ஆசை வைத்தான் (2 தீமோத்தேயு 4:10) என்பதிலும் அதன் வினைச்சொல்லான ‘அகபாவோ’தான். பிதா குமாரனை நேசிப்பதை யோவான் 3:35 ‘அகபாவோ’ என்கிறது, 5:20 ‘பிலியோ’ என்கிறது. அன்பு ஒன்றுதானே?

யோவான் 21-இல் இயேசு பேதுருவிடம் ‘என்னை நேசிக்கிறாயா’ என்று இந்த இரண்டு சொற்களாலும் கேட்கிறார். அந்த வேறுபாட்டுக்குப் பொருள் உண்டா என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போவதில்லை. எந்த அன்பு என்பதை அகராதி சொல்லாது, வசனத்தின் சூழல்தான் சொல்லும்.