ரசீதில் இருக்கிற பெயர் ஃபிளெக்ஸில் எங்கே?

நேற்றைய பதிவைத் தெருக்காரர்கள் எல்லோரும் பார்த்துவிட்டீர்கள், ராத்திரி பதினொன்றரை வரை இன்பாக்ஸில் எனக்கு வகுப்பும் எடுத்துவிட்டீர்கள். அதனால் முதலிலிருந்து கதை சொல்லப்போவதில்லை. ஆடிக் கூழ் ஊற்றுவதற்காக நம் தெருவில் கட்டிய ஃபிளெக்ஸ். மூன்று வரிசையாக நன்கொடையாளர் படம். கடைசி வரிசையில் என் படத்துக்குப் பக்கத்தில் இருக்கவேண்டிய இட்லிக்கடை அக்காவைக் காணோம். அவர் இருந்த கட்டத்தில் வேப்பிலை செருகிய ஒரு கலசம். அச்சுக்குப் போவதற்கு முன்னால் வாட்ஸப்பில் வந்த மாதிரியில் அக்கா இருந்தார். நானும் பார்த்தேன், நீங்களும் பார்த்தீர்கள்.

அவர் கொடுத்தது ஐந்தாயிரம். ரசீது இருக்கிறது. நான் கொடுத்தது இரண்டாயிரம். என் மூஞ்சி பளிச்சென்று இருக்கிறது. என் கேள்வி ஒன்றுதான். காசு வேண்டும், மூஞ்சி வேண்டாமா?

“இடம் பத்தலை” என்றார் ஒருவர். கலசத்துக்கு இருந்ததே? “பிரிண்டிங் கடைப் பையன் தப்பு” என்றார் இன்னொருவர். இருபத்து மூன்று முகங்களில் ஒரே ஒரு திருநங்கையின் முகத்தை மட்டும் தேடிப்பிடித்துத் தப்புப் பண்ணியிருக்கிறான். கெட்டிக்காரப் பையன்.

காசை விடுங்கள். போன வருஷம் கூழ் கிளறியது யார்? கேழ்வரகு மாவை முதல் நாளே கரைத்துப் புளிக்க வைத்து, நொய்யை வேகவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்த அண்டா முன்னால் புகையில் நின்றவர் அவர். “துடுப்பை விட்டா அடிப்பிடிச்சிடும் கண்ணு, நீ போ” என்று என்னையும் விரட்டிவிட்டார். தூக்குவாளியோடு வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு போனோமே, கிளறிய கை யாருடையது என்று அன்றைக்கு யாருக்கும் உறுத்தவில்லை. கை வேண்டும், மூஞ்சி வேண்டாம்.

“அவங்களுக்குத்தான் அரசாங்கம் எல்லாம் செய்யுதே, இதுல வேற போட்டோவா?” என்று ஒரு அண்ணன் கேட்கிறார். செய்தது அண்ணா, யார் இல்லையென்றது? 2008-லேயே திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்த மாநிலம் இது. டவுன் பஸ்ஸில் அவர்களுக்கு டிக்கெட் காசு வேண்டாம். தன் பாலினம் எது என்பதைத் தானே சொல்லிக்கொள்ளலாம் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது 2014 ஏப்ரல் 15-ல். அதே ஏப்ரல் 15 இங்கே திருநங்கையர் தினம். திருநங்கை பிரித்திகா யாஷினி உயர் நீதிமன்றம் வரைக்கும் போய் நின்றுதான் போலீஸ் எஸ்.ஐ. ஆனார். வேலூர் மாநகராட்சியில் திருநங்கை கங்கா 2022-ல் கவுன்சிலர் ஆனது மக்கள் ஓட்டுப் போட்டுத்தான். பரதம் ஆடும் திருநங்கை நர்த்தகி நடராஜுக்கு 2019-ல் பத்மஸ்ரீ கிடைத்தபோது நம் தெரு குரூப்பிலேயே எத்தனை கைகூப்பு! மேடையில் ஆடினால் தமிழ்நாட்டின் பெருமை, மூன்றாவது தெருவில் இட்லி சுட்டால் கலசம்.

சித்திரை வந்தால் கூவாகம் கூத்தாண்டவர் திருவிழாவுக்கு எல்லா டிவிக்காரர்களும் போகிறார்கள். திருநங்கைகள் அரவானுக்காகத் தாலி கட்டிக்கொள்வதையும், மறுநாள் அதை அறுத்து அழுவதையும் குளோசப்பில் காட்டுகிறார்கள். நாமும் பார்க்கிறோம். வேடிக்கை பார்க்கும்போது கூசாத கண்ணுக்கு, பக்கத்துக் கட்டத்தில் பார்க்கும்போது மட்டும் கூசுகிறது.

“பிள்ளைங்க கேட்டா என்ன சொல்றது?” என் மகள் ஐந்தாவது படிக்கிறாள். கேட்டாள். பிறந்தபோது பையன் என்று நினைத்தார்கள், அக்காவுக்குத்தான் தான் பெண் என்று தெரிந்தது என்றேன். “ஓ” என்றுவிட்டு இன்னொரு கரண்டி சட்னி கேட்டாள்.

அப்புறம் அந்த ரயில் கேள்வி. ரயிலில் திருநங்கைகள் மிரட்டிக் காசு கேட்கிறார்களாம். சரி, எனக்கும் நடந்திருக்கிறது, பயந்துபோய் இருபது ரூபாய் கொடுத்திருக்கிறேன். அதற்கு ஐந்தாயிரம் கொடுத்த இந்த அக்கா என்ன செய்வார்? இதைக் கேட்டவரே, உங்கள் மாடி போர்ஷன் எட்டு மாதமாகக் காலி. அவர் கேட்டு வந்தபோது என்ன சொல்லி அனுப்பினீர்கள் என்று இங்கேயே எழுதட்டுமா? வேண்டாம், விடுங்கள்.

எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்று என் வீட்டுக்காரரே கேட்டார். அவருக்கும் இதுவரை சொல்லாததை இங்கே சொல்கிறேன்.

எங்கள் வீட்டு ஆல்பத்தில் என் காதுகுத்துப் படம் ஒன்று இருக்கிறது, 1994. மொட்டைத் தலையில் சந்தனத்தோடு நான். என் தோள்மேல் ஒரு கை. அந்தக் கைக்கு மேலே படம் இல்லை, பிளேடால் வெட்டியெடுத்த ஓட்டை. அது என் அத்தை பிள்ளை. “உன் மாப்பிள்ளைடி” என்று ஊரே என்னைக் கேலி செய்யும். பிளஸ் டூ முடித்த வருஷம் வீட்டைவிட்டுப் போனவர் திரும்பவில்லை. சேலை கட்டிக்கொண்டு மும்பையில் இருப்பதாக யாரோ வந்து சொன்னார்கள். அவருடைய தங்கையைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் வீட்டுக்கு வீடு ஆல்பத்தை எடுத்து வெட்டினார்கள். எங்கள் வீட்டில் வெட்டியது என் அப்பா. கை என் தோளோடு ஒட்டியிருந்ததால் அதை மட்டும் வெட்ட முடியவில்லை, வாட்சோடு அப்படியே இருக்கிறது. முறைப்படி பார்த்தால் இப்போது எனக்கு அவர் மதினி. ஒரு தடவைகூட அப்படிக் கூப்பிட வாய்க்கவில்லை.

நீ தேடினாயா என்று கேட்பீர்கள். தேடவில்லை. போதுமா?

அக்காவின் பெயரை எழுதாமல் நீயும்தானே மறைக்கிறாய் என்றும் ஒருவர் வருவார். அவர்தான் எழுத வேண்டாம் என்றார். “விடு கண்ணு, எனக்கு நாளைக்குக் கடை போடணும். இவங்கதான வந்து சாப்பிடணும்” என்றார். விட்டுவிடச் சொன்னவர் அவர், நான்தான் விடவில்லை. அதில் எனக்கே கொஞ்சம் சங்கடம்தான்.

அந்த ஃபிளெக்ஸைக் கட்ட எங்கள் வீட்டு ஏணியைத்தான் வாங்கிப் போனீர்கள், இன்னும் திருப்பித் தரவில்லை. சாயங்காலம் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். மூன்றாவது வரிசையில் இருக்கிற என் படத்தையும் சேர்த்து.