பேரினை நீக்கி

இரங்கல் பதிவுகளில் திருமூலரின் இந்தப் பாடல் அடிக்கடி கண்ணில் படுகிறது.

ஊரெலாம் கூடி ஒலிக்க அழுதிட்டுப்
பேரினை நீக்கிப் பிணமென்று பேரிட்டுச்
சூரையங் காட்டிடைக் கொண்டுபோய்ச் சுட்டிட்டு
நீரினில் மூழ்கி நினைப்பொழிந் தார்களே.

பலரும் கடைசி அடியையே பிடித்துக்கொள்கிறார்கள். செத்தால் நம்மை யார் நினைக்கப்போகிறார்கள் என்று பெருமூச்சு விடுகிறார்கள். எனக்கு அது அரைகுறை வாசிப்பாகவே படுகிறது. என்னை உலுக்குவது இரண்டாம் அடி.

பேரிடுதல் தொட்டிலுக்கு உரிய சொல். குழந்தையின் காதில் மூன்று முறை சொல்லி இடுகிறோமே, அந்தப் பெயர். அதே சொல்லைத்தான் திருமூலர் பிணத்துக்கும் எடுத்தாள்கிறார். முதல் பெயர் அவரவருக்கென்று தேடி வைத்தது. இரண்டாவது பெயர் எல்லோருக்கும் ஒன்றே.

போன வருடம் அப்பா இறந்து ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. ஊரிலிருந்து சித்தப்பா போன் செய்தார். "பாடி கிளம்பிவிட்டது சித்தப்பா" என்றேன். நாற்பது வருடம் அப்பா என்று கூப்பிட்ட வாய் அது. யாரும் சொல்லித்தராமலே அந்தச் சொல் வந்து விழுந்தது. இன்றுவரை ஆறவில்லை.

வீட்டில் குளிப்பாட்டத் தூக்கியபோது அம்மா மட்டும் பதறினாள். "இடது தோளைப் பிடித்து இழுக்காதீர்கள், அவருக்கு வலிக்கும்." இரண்டு வருடமாக இரவில் அந்தத் தோளுக்குத் தைலம் தேய்த்தவள்.

பாடலை மறுபடி படித்துப் பாருங்கள். கூடி, அழுதிட்டு, நீக்கி, பேரிட்டு, கொண்டுபோய், சுட்டிட்டு, மூழ்கி. அத்தனையும் எச்சங்கள். எங்கும் நிற்காமல் ஓடி, 'ஒழிந்தார்களே' என்ற ஒரே முற்றில் போய் விழுகின்றன. ஒரு சாவு வீட்டின் அவசரம் முழுவதும் அந்த இலக்கணத்தில் இருக்கிறது. ஆனால் இத்தனையையும் செய்வது ஊர். நினைப்பொழிவதும் ஊர்தான். அதைக் குற்றம் என்று நான் சொல்லமாட்டேன். மறுநாள் ஊருக்கு வயலும் கடையும் பள்ளிக்கூடமும் இருக்கின்றன. எந்தத் தோள் வலிக்கும் என்று தெரிந்தவளைப் பற்றி அந்தப் பாடல் பேசவே இல்லை என்பதுதான் என் வாசிப்பு.

சென்ற வாரம் ரேஷன் அட்டையில் அப்பாவின் பெயரை நீக்கக் கிளம்பினேன். பெயர் நீக்கம் என்றே அதைச் சொல்கிறார்கள். இறப்புச் சான்றிதழை எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது அம்மா வந்து நின்றாள்.

"பழைய அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிடுவார்களா? அதில் அவர் படம் இருக்கிறது" என்றாள்.