இரண்டு கன்வெர்ட்டருக்கும் பிஐ வைத்தால் சண்டைதான்
ஏசி பகுதியும் டிசி பகுதியும் கொண்ட சிறு மின்வலையில் (மைக்ரோகிரிட்) இரண்டையும் இணைத்துப் பவரை இருபுறமும் கடத்துவது கன்வெர்ட்டர். சுமை கூடினால் ஏசி பக்கம் அதிர்வெண்ணும் டிசி பக்கம் மின்னழுத்தமும் இறங்கும். இவை இரண்டையும் -1 முதல் +1 வரை அளவுமாற்றி, வித்தியாசத்தை பிஐ கன்ட்ரோலர் (பிழையையும் அதன் கூட்டுத்தொகையையும் பார்த்துத் திருத்துவது) பூஜ்யமாக்கினால் போதும் என்கிறது இதுபற்றிய ஒரு கட்டுரை. ஒரே கன்வெர்ட்டர் என்றால் சரி. 400±20 வோல்ட், 50±0.5 ஹெர்ட்ஸ் என வைத்துக்கொள்ளுங்கள்: டிசி 404 என்றால் +0.2, ஏசி 49.9 என்றால் -0.2; டிசியிலிருந்து ஏசிக்குப் பவர் போக வேண்டும், போகும். ஆனால் இரண்டு கன்வெர்ட்டர்கள் இணையாக இருந்தால்? வோல்டேஜ் சென்சாரில் 0.5% பிழை என்றாலே 2 வோல்ட். இரு பிஐ-களிலும் பிழையைக் கூட்டிக்கொண்டே போகும் பகுதியான இன்டக்ரேட்டர்கள் தத்தம் பிழையைப் பூஜ்யமாக்கப் பிடிவாதம் பிடிக்கும். இடையிலுள்ள கேபிள், போக வர சேர்த்து 0.04 ஓம் என்றால் 50 ஆம்பியர். அதாவது 20 கிலோவாட் ஒன்றின் வழியே போய் மற்றொன்றின் வழியே திரும்பும், யாருக்கும் பயனில்லாமல். கெயினை, அதாவது பிழைக்கு கன்ட்ரோலர் எவ்வளவு வலுவாக எதிர்வினை காட்டுகிறது என்ற அளவை, குறைக்கச் சொல்கிறார் கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர். குறைத்தால் இந்தச் சுற்றோட்டம் மெதுவாகத் தொடங்கும், நிற்காது. இன்டக்ரேட்டர் ஒன்றில் மட்டும் இருக்கட்டும், மற்றதற்கு வெறும் ட்ரூப், அதாவது வித்தியாசத்துக்கு ஏற்ற விகிதத்தில் மட்டும் பவர் அனுப்பும் முறை. கூடவே டெட்பேண்டும், அதாவது சிறு வித்தியாசத்தைக் கண்டுகொள்ளாத இடைவெளியும், வேண்டும்: இங்கே சென்சார் பிழையான 2 வோல்ட் என்பது 0.1, எனவே வித்தியாசம் 0.15 ஆகும்போது பவர் அனுப்பத் தொடங்கி, 0.1-க்கு இறங்கும்போது நிறுத்தலாம். இரண்டும் ஒரே எண்ணாக இருந்தால் எல்லையில் கன்வெர்ட்டர் ஆன், ஆஃப் என்று படபடக்கும். இன்னொன்று, இதெல்லாம் மைக்ரோகிரிட் தனித்து இயங்கும்போதுதான். பெரிய கிரிட்டோடு இணைந்திருக்கையில் நம் சுமைக்கு அதிர்வெண் அசையவே அசையாது.