ஆணித்தலையைக் காட்டிய கேமரா

புரட்சி சினிமா என்று பேச்செடுத்தாலே நம் நண்பர்கள் ஐரோப்பிய இயக்குநர்களின் படத்தொகுப்பு உத்திகளுக்குப் போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், 1971-இல் வெளிவந்த ‘ஃபிரெட் ஹாம்ப்டனின் கொலை’ என்ற ஆவணப்படத்தைத்தான் முதலில் சொல்வேன். கரடுமுரடான படம்தான். ஆனால் அந்தக் கேமரா ஒரு வேலையைச் செய்தது.

சிகாகோவில் ஹோவர்ட் ஆல்க்கும் மைக் கிரேயும் அமெரிக்கக் கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய கருஞ்சிறுத்தைகள் கட்சியின் இல்லினாய் மாநிலத் தலைவர் ஹாம்ப்டனைப் பற்றிப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அவருக்கு வயது 21. பிள்ளைகளுக்குக் காலை உணவு கொடுத்தவர். போர்ட்டோ ரிக்கோ இளைஞர்களையும், தெற்கிலிருந்து பிழைக்க வந்த ஏழை வெள்ளையர்களையும் ஓரணியில் சேர்த்தவர். சிறுத்தைகளின் துப்பாக்கியைவிட இந்தச் சேர்க்கைதான் அரசை அதிகம் அச்சுறுத்தியது என்பது என் கணிப்பு. 1969 டிசம்பர் 4, விடியுமுன் போலீஸ் வீடு புகுந்து, படுக்கையிலிருந்தவரைக் கொன்றது. மார்க் கிளார்க் என்ற தோழரும் கொல்லப்பட்டார்.

வீட்டுக்குச் சீல் வைக்காமலே போலீஸ் போய்விட்டது. படக்குழு உள்ளே நுழைந்து சுவர், கதவு, ரத்தக்கறை படிந்த மெத்தை என்று எல்லாவற்றையும் பதிவுசெய்தது. சிறுத்தைகள் சுட்டதற்கு ஆதாரம் என்று அரசு வழக்கறிஞர் ஹான்ரஹன் தரப்பு பத்திரிகைக்குக் கொடுத்த புகைப்படங்களில் வட்டமிட்டிருந்த ‘குண்டுத் துளைகள்’ வெறும் ஆணித்தலைகள்! போலீசார் தொலைக்காட்சிக்காக நடித்துக்காட்டிய ‘சம்பவத்தையும்’ அந்தச் சுவர்களையும் படம் அடுத்தடுத்து வைக்கிறது. பார்ப்பவருக்கு வேறு விளக்கவுரை தேவைப்படுவதில்லை. பிறகு நடந்த விசாரணையில், போலீஸ் சுட்டவை 80-க்கும் மேல், சிறுத்தைகள் சுட்டது ஒன்றே ஒன்று என்று தெரியவந்தது.

இதே கொலையைப் பற்றி 2021-இல் வந்த கதைப்படம் ‘ஜூடாஸ் அண்ட் த பிளாக் மெசையா’வில் ஹாம்ப்டனாக வரும் டேனியல் கலூயா பிரமாதம், மறுக்கவில்லை. ஆனால் கதை, வீட்டின் வரைபடத்தை எஃப்.பி.ஐ.க்குக் கொடுத்த ஒற்றன் ஓ'நீலின் மனப்போராட்டத்தோடுதான் ஓடுகிறது. ஆஸ்கரில் அந்த இரண்டு வேடங்களையும் துணை நடிகர் பிரிவில் சேர்த்தார்கள். அப்படியானால் அந்தப் படத்தின் நாயகன் யாராம்?

படமெடுத்து என்ன சாதித்தார்கள் என்று கேட்பீர்கள். யாரும் சிறைக்குப் போகவில்லை, உண்மை. நீதியைத் தடுத்த வழக்கிலிருந்து ஹான்ரஹன் 1972-இல் விடுதலையானார். அதே ஆண்டு அரசு வழக்கறிஞர் பதவிக்கு நடந்த தேர்தலில் கறுப்பின மக்கள் அவரைத் தோற்கடித்தார்கள். அதற்குப் படம் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். கொலை நடந்த சில நாட்களிலேயே ஆயிரக்கணக்கானோர் வரிசையில் நின்று அந்த வீட்டை நேரில் பார்த்துவிட்டிருந்தார்கள்.