எறும்பு வராவிட்டால் சர்க்கரை நோய் இல்லையா?

"சிறுநீரில் எறும்பு மொய்க்கவில்லையா? சர்க்கரை நோய் இல்லை, டெஸ்ட் வேண்டாம்" என்று கடலூர், புதுச்சேரி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது தவறு.

ரத்தத்தில் சர்க்கரை ஏறக்குறைய 180-ஐத் தாண்டினால்தான் சிறுநீரில் இறங்கும். ஆனால் வெறும் வயிற்றில் 126 அல்லது அதற்கு மேல், மறுமுறை பார்த்தாலும் அப்படியே என்றால் அது சர்க்கரை நோய்தான். எறும்பு வராத அந்தக் காலத்திலேயே கண்ணும் சிறுநீரகமும் கெடத் தொடங்கலாம். இரண்டாம் வகை (டைப் 2) சர்க்கரை நோய் அப்படித்தான், சத்தமே இல்லாமல் வளரும்.

முதல் வகை (டைப் 1) பிள்ளைகளுக்கும் வரும். சில வாரங்களிலேயே அடங்காத தாகம், மெலிவு. வாந்தியும் மூச்சிரைப்பும் சேர்ந்தால் அன்றே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதிக்கலாம். 8 மணி நேரம் சாப்பிடாமல் போங்கள். காபியும் கூடாது, தண்ணீர் குடிக்கலாம். அந்த மெசேஜை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள்.