அவர் செய்த வேலையையும் எழுதுங்கள்

அம்மாவாகவும், வகுப்பில் குழந்தைகளுக்குத் துணைநிற்கும் பள்ளி உதவியாளராகவும் வாழ்ந்து மறைந்தவருக்கு நினைவுக் குறிப்பு எழுத, பிறப்பு, திருமணம், பிள்ளைகள் என்று வரிசையாகச் சொன்னால் போதும் என்கிறது ஒரு கட்டுரை. போதாது. பள்ளி உதவியாளர் வேலை வெளியில் தெரியாதது. குறிப்பிலும் விட்டுப்போனால் சுவடே இருக்காது.

"பாசமானவர், பொறுமைசாலி" என்பது யாருக்கும் பொருந்தும். அவர் கை என்ன செய்தது என்று எழுதுங்கள். பென்சில் பிடிக்கத் தடுமாறும் குழந்தையின் கைமேல் இந்த உதவியாளர்கள் கை வைத்து எழுத்தைச் சுழித்துக் காட்டுவார்கள். பிறகு மணிக்கட்டை மட்டும் தாங்குவார்கள், அப்புறம் முழங்கையில் லேசாக ஒரு தொடல், கடைசியில் அதுவும் இல்லை. எப்போது கையை எடுப்பது என்பதில்தான் திறமையே. சீக்கிரம் எடுத்தால் குழந்தை மிரளும். தாமதித்தால் அந்தக் கை இல்லாமல் எழுதவே எழுதாது. வீட்டார் இதைப் பார்த்திருக்க மாட்டார்கள். கூட வேலை பார்த்த ஆசிரியர்கள் 2 பேரிடமாவது கேளுங்கள். "எப்படிப்பட்டவங்க?" என்றால் பொதுவாகத்தான் பதில் வரும், "காலையில வந்ததும் முதல்ல என்ன செய்வாங்க?" என்று கேளுங்கள்.

பணியில் சேர்ந்த ஆண்டைப் பணி ஆணையைப் பார்த்தே எழுதுங்கள். அவர் கவனித்த குழந்தைகளின் பெயரோ படமோ பெற்றோர் சம்மதமின்றி வேண்டாம்.

இரங்கல் கூட்டத்தில் வாசிப்பதென்றால் 300 சொல்லுக்குள் நிறுத்துங்கள். குரல் தழுதழுத்து நிற்கும் இடங்களுக்கும் நேரம் வேண்டும். பெரிய எழுத்தில் அச்சிட்டு, பக்கத்தில் நிற்பவர் கையிலும் ஒரு பிரதி கொடுத்துவையுங்கள். வாசிப்பவரால் முடியாமல் போனால் அவர் தொடரலாம்.